இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு முதுகு

உடம்பைப் பற்றி உடம்பின் பாஷையிலேயே பேசினால் யார் தலையிலும் ஏறாது என்பது அந்தப் பிசியோதெரபிஸ்ட்டின் தீராத நம்பிக்கை. தோள் இறுகிப்போய், கையைத் தூக்க முடியாமல் வந்த தையல்காரரிடம் மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பற்றி விளக்கிப் பார்த்தாள். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் ஒரு பயிற்சியும் செய்யவில்லை. அடுத்த முறை, "அக்குள்ல துணி பத்தாம தச்ச சட்டை மாதிரி ஆயிடுச்சுங்க உங்க தோள். கையைத் தூக்கினா இழுத்துப் பிடிக்குது. பிரிச்சுத் தைக்க வழியில்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துத்தான் அந்தத் துணியை நீட்டணும்" என்றாள். தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" அதன்பிறகு கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் சுவரில் விரல்களை ஏற்றிக்கொண்டு நின்றார்.

அந்த வெற்றி அவளைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது. யார் வந்தாலும் முதலில் தொழிலைக் கேட்பாள். தொழில் தெரிந்ததும் கதை தயாராகிவிடும். "அக்கா, உங்க ட்ரீட்மெண்ட் பத்து நிமிஷம், கதை அரை மணி நேரம்" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் அலுத்துக்கொள்வாள். இவளுக்குக் கதை டாக்டர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். பதிலுக்கு இவள் அவளுக்கு ஸ்டாம்ப் என்று பெயர் வைத்தாள். பெரிய டாக்டரின் சீட்டில் சீல் இல்லையென்றால் ஸ்டாம்ப் சொந்த மாமாவையே உள்ளே விடமாட்டாள்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பயிற்சி அறைக்கு, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்காரர் வந்த அன்றும் அதுதான் நடந்தது. தலையில் தளும்பும் தண்ணீர்க் குடத்தை வைத்திருப்பவர்போல அசையாமல் நடந்து வந்தார். பின்னால் அவர் மனைவி, கழுத்தில் வேன் சாவி தொங்க. அந்த அம்மாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

"இது எங்க கம்பெனி லிஃப்ட்தான்" என்றார் அவர், வலியிலும் பெருமை குறையாமல். "இந்த மூணாவது மாடிக் கதவு லேசாத் தட்டுது. கவனிச்சீங்களாம்மா?"

"நீங்க கொண்டுவந்த சீட்டுல சீல் இல்ல. அதை மொதல்ல கவனிப்போம்" என்றாள் ஸ்டாம்ப்.

வேன்காரம்மா கீழே இறங்கி, இரண்டு தெரு தள்ளிப் போய் சீல் வாங்கிக்கொண்டு வரும்வரை அவர் நாற்காலியின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

விஷயம் சிக்கலானதில்லை. மோட்டாரின் மூடியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அந்த வயதில் வலியே இல்லாத பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். பயமில்லாமல் நடமாடினால் போதும், தானாக ஆறிவிடும். ஆனால் கம்பெனியில் அடுத்த மாதம் பரிசோதனை வைத்திருந்தார்கள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், லிஃப்ட்டின் அடிக்குழிக்குள் குனிய வேண்டும், கேபின் என்கிற பெட்டியின் கூரைமேல் ஏறிக் குந்த வேண்டும். முடிந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் டெலிபோன் மேசை.

"காதுல மெஷினை மாட்டிக்கிட்டு, 'பொறுத்திருங்க, ஆள் வருது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமாம்" என்றார் லிஃப்ட்காரர். "இத்தனை வருஷம் அந்த ஆளே நான்தாம்மா. ஆள் வருதுன்னு ஆளே சொல்றதா?"

கதை டாக்டருக்கு மனம் இளகிவிட்டது. லிஃப்ட் என்றதும் ஆசையும் வந்தது. பிளாஸ்டிக் முதுகெலும்பை மேசையில் நிறுத்தி, எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்தாள். "உங்க லிஃப்ட்டுக்குக் கீழ, குழியில ஒரு பஃபர் இருக்கும் இல்லையா? கேபின் தப்பித்தவறிக் கீழ வந்தா தாங்கிக்கறதுக்கு. அந்த மாதிரிதான் டிஸ்க். உங்களுக்கு அதுல ஒண்ணு கொஞ்சம் அமுங்கியிருக்கு. அவ்வளவுதான்."

"ஸ்பிரிங் பஃபரா, ஆயில் பஃபரா?"

இப்படி ஒரு கேள்வியை எந்த நோயாளியும் அவளிடம் கேட்டதில்லை. "ஆயில்னு வச்சுக்கலாம்" என்றாள் குஷியாக.

லிஃப்ட்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. ஆழ்ந்து புரிந்துகொண்டதால் வந்த அமைதி என்று கதை டாக்டர் அதை எடுத்துக்கொண்டு, பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாள்.

அடுத்தடுத்த முறை வந்தபோதெல்லாம் மனிதர் இன்னும் விறைத்துப்போய் வந்தார். செருப்பைக்கூடத் தானாக மாட்டிக்கொள்வதில்லை.

"பயிற்சி பண்றீங்களா?"

"பண்றேங்க" என்றார் சுவரைப் பார்த்து.

"எங்க பண்றார்!" என்று வேன்காரம்மா குறுக்கே விழுந்தார். "பலகையில படுத்துக்கிட்டு நாள்பூரா ஃபேனைப் பாத்துக்கிட்டிருக்கார். அதுல எத்தனை தூசி இருக்குன்னு கேளுங்க, கரெக்டா சொல்லுவார். பல் தேச்சுட்டுத் துப்பறதுக்குக் குனிய மாட்டேங்கறார் டாக்டர். நான் வாளியை மார் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கணும்."

"ஏங்க இப்படி?"

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானேம்மா சொன்னீங்க, பஃபர் அமுங்கிடுச்சுன்னு! பஃபர்ல அடி விழுந்த லிஃப்ட்டை எவனாவது ஓட்டுவானா? போர்டை மாட்டிட்டு, மெயினை ஆஃப் பண்ணிட்டு, புதுசு வர்ற வரைக்கும் தொடமாட்டோம். அதைத்தானே நானும் பண்ணிட்டிருக்கேன்?"

கதை டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கதையை அவர் கேட்காமல் விடவில்லை. எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார். பஃபரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது படத்தில் பார்த்தது. அவருக்குத் தெரிந்தது தொழில் சொல்லித்தந்தது. அவள் சொன்னது ஒரு வரி. மீதிக் கதையை அவருடைய அனுபவம் எழுதி முடித்துவிட்டது.

அவசரமாக வேறு கதைகளை எடுத்துவிட்டாள். துருப்பிடித்த கதவுக் கீல் என்றாள். "தேஞ்ச கீல்ல எண்ணெய் விட்டா சத்தம்தாம்மா நிக்கும், தேய்மானம் நிக்காது" என்றார். வண்டியின் டயர் என்றாள். "டயர்னா நான்கூட மாத்திடுவேன் டாக்டர்" என்றார் வேன்காரம்மா. கிளம்பும்போது லிஃப்ட்காரர் ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்கம்மா. டெலிபோன் மேசையும் ஒரு வேலைதானே."

அன்று மாலை சமையலறையில் அவள் கணவன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் நடந்ததையெல்லாம் கொட்டினாள், பஃபரில் ஆயில் எப்படி அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது என்பது உட்பட.

"உன் கதையில எல்லாம் இருக்கு" என்றான் அவன். "கேக்கறவன் உக்கார ஒரு ஸ்டூல்தான் இல்ல."

"நல்லா பேசறே. நீ என்ன பண்ணுவியாம்?"

"பையன் கணக்கைத் தப்பாப் போட்டா நான் விடையைச் சொல்லமாட்டேன். எப்படிப் போட்டே, சொல்லுன்னு கேப்பேன். சொல்லிக்கிட்டே வருவான். பாதி வழியில நின்னு, 'சார், இருங்க சார்'ம்பான்."

"பாதி வழியில நிக்கலன்னா?"

"அப்ப நாக்கைக் கடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். அது உனக்கு வராது" என்று ஒரு கிழங்கை அவள் பக்கம் உருட்டிவிட்டான்.

அடுத்த முறை லிஃப்ட்காரர் வருவதற்குள் கதை டாக்டர் பிளாஸ்டிக் முதுகெலும்பை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னு உங்களைக் கூப்பிடறாங்க. போனதும் என்ன செய்வீங்க?"

"இதுவும் கதையாம்மா?"

"இல்லங்க. எனக்கு நிஜமாவே தெரியாது."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். அவள் முகத்தில் கதை இல்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதல்ல சேஃப்டி செயினைப் பாப்போம். செயின்னா இரும்புச் சங்கிலி இல்ல, ஒரே ஒயர். அது ஒவ்வொரு மாடிக் கதவு வழியாவும் போகும். கேபின் கதவு, வேகத்தைக் கண்காணிக்கிற சக்கரம், குழியில இருக்கற சுவிட்ச், எல்லாத்துலயும் நுழைஞ்சு வரும். அத்தனை பேரும் சரின்னு சொன்னாத்தான் கரண்ட் கடைசி வரைக்கும் வந்து பிரேக்கைத் திறக்கும். ஒருத்தன் ஊஹும்னாலும் லிஃப்ட் நின்னுடும்."

"கரண்ட் இல்லன்னா பிரேக் விட்டுடாதா?"

"அங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கறாங்க!" என்று அவர் உற்சாகத்தில் முன்னால் சாய்ந்தார். "பிரேக்கைப் பிடிக்கறது ஸ்பிரிங். விடறதுக்குத்தான் கரண்ட். கரண்ட் போச்சுன்னா அது பாட்டுக்குக் கவ்விக்கும். லிஃப்ட்டுக்கு நிக்கறதுதான் சுபாவம். ஓடணும்னாத்தான் எல்லாரோட சம்மதமும் வேணும்."

கதை டாக்டர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் ஏறி இறங்கும் பெட்டிக்குள் இவ்வளவு எச்சரிக்கை இருக்கிறதா! "அப்ப நின்னுச்சுன்னா ஏதோ உடைஞ்சிருக்கணும்."

"முக்காவாசி நேரம் ஒண்ணுமே உடைஞ்சிருக்காதும்மா. ஏதாவது ஒரு கதவுல, ஒயர் தொட்டுக்கற காண்டாக்ட்ல தூசி இருக்கும். லிஃப்ட் கெட்டுப்போய் நிக்கல, ஜாக்கிரதையா இருக்கறதால நிக்குது. சிலது ஒரு தடவை அடிபட்டுட்டா அளவுக்கு மீறி ஜாக்கிரதை ஆயிடும். காத்தடிச்சாக்கூட நின்னுடும்." அவர் நாற்காலியிலிருந்து குனிந்து, தரையின் சதுரக் கற்களில் விரலால் வரைய ஆரம்பித்தார். "இதோ, இது குழி. இது மேல்மாடி. தூசியைத் துடைச்சதும் நேரா ஓட விட்டுடக்கூடாது. கேபின் கூரைமேல ஏறி, இன்ஸ்பெக்‌ஷன்ல போடணும். அங்க ஒரு பெட்டி இருக்கும், பட்டன் இருக்கும். அமுக்கினா நகரும், விரலை எடுத்தா நின்னுடும். ஆமை மாதிரி. இங்கேர்ந்து இதுவரைக்கும் மெதுவா ஓட்டிக் கேக்கணும்..."

விரல் கடைசிக் கல்லைத் தொட்டது. அதாவது, லிஃப்ட்காரரின் கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வேன்காரம்மா வாயைத் திறந்தார். கதை டாக்டர் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கே நாக்கின் நுனியில் விளக்கம் முழுசாக வந்து நின்று துடித்தது: வலி என்றால் காயம் என்று அர்த்தமில்லை, வலி ஒரு காவல், அந்தக் காவல் மிரண்டுபோயிருக்கிறது. எல்லாவற்றையும் விழுங்கினாள். கஷ்டமாகத்தான் இருந்தது.

"...லிஃப்ட் நல்லா இருக்குன்னு அதுக்கே தெரியணும்" என்று முடித்த லிஃப்ட்காரர் குனிந்தபடியே உறைந்தார். தரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"இருங்க" என்றார். "நான் இப்பக் குனிஞ்சிருக்கேனா?"

"இல்ல, தரையில விழுந்த மானத்தைத் தேடறீங்க" என்றார் வேன்காரம்மா. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

லிஃப்ட்காரர் கட்டைவிரலால் தன் சுட்டுவிரலின் பக்கவாட்டை அமுக்கிக்கொண்டார், பட்டன்போல. மெல்ல நிமிர ஆரம்பித்தார். பாதியில் முகம் சுளித்தது. விரலை எடுத்து, அங்கேயே நிறுத்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி அமுக்கினார். முழுசாக நிமிர்ந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"தூசிக்காக மெயினை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "இது வேற ஒருத்தன் பண்ணியிருந்தா நானே கம்பெனிக்கு எழுதிப்போட்டிருப்பேன்." பிறகு சட்டென்று, "ஆனா அந்தப் பஃபர்? புதுசு வராதில்ல?"

"உடம்பு அதைத் தானே ரிப்பேர் பண்ணிக்கும். ஓடிட்டிருந்தாத்தான் பண்ணும். என் பஃபர் கதையைக் குப்பையில போடுங்க."

"அதானே பாத்தேன். ஆயில் பஃபர்னு நீங்க சொல்லும்போதே எனக்கு இடிச்சுது."

அதன்பிறகு கதை அவள் கையை விட்டுப் போய்விட்டது. அவர் அதைத் தன் இஷ்டத்துக்குக் கட்டி வளர்த்தார். காலையில் முதுகு இறுகியிருந்தால் காண்டாக்ட்டில் ஈரம். படியேறுவது மாடி மாடியாக நிறுத்திப் பார்ப்பது. ஒரு நாள் வேனிலிருந்து மூட்டையை அவசரமாக இறக்கப்போய் சுளுக்கென்று பிடித்துக்கொண்டது. வேன்காரம்மா போனில் பதறினார். பின்னாலிருந்து லிஃப்ட்காரரின் குரல் நிதானமாகக் கேட்டது: "செயின் கட்டாச்சுன்னு சொல்லு. இன்ஸ்பெக்‌ஷன்ல போட்டிருக்கேன்னு சொல்லு." மறுநாள் நடந்தே வந்தார். வாளி பழையபடி தரைக்குப் போய்விட்டது.

பரிசோதனை நடக்கவிருந்த வாரம் அவர் வரவில்லை. போனும் வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க கதை டாக்டருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான், ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வந்த ஸ்டாம்ப்போடு லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. "அக்கா!" என்று அலறல் கேட்டு கதை டாக்டர் படியிறங்கி முதல் மாடிக்கு ஓடினாள். லிஃப்ட் கதவின் உள்ளங்கை அகலக் கண்ணாடி வழியாக மேலே கேபினின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

"பயப்படாதே! பிரேக்கைப் பிடிக்கறது ஸ்பிரிங், விடறதுக்குத்தான்..."

"அக்கா, சத்தியமா இப்பக் கதை வேணாம்! கம்பெனிக்கு அடிச்சிட்டேன்!"

அவள் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து ஓர் ஆண் குரல் மங்கலாகக் கேட்டது.

"பதறாதீங்கம்மா. உள்ள யாரு? அந்த மூணாவது மாடி, சீல் கேட்ட பொண்ணா?"

கதை டாக்டர் கதவில் காதை வைத்தாள். லிஃப்ட்காரரின் குரல். கேபினுக்குள் இருக்கும் போனில் பேசுகிறார். அப்படியானால் டெலிபோன் மேசைதான்.

"ஆமாங்க" என்றாள் ஸ்டாம்ப் அழுகுரலில்.

"சீல் இல்லன்னு அன்னிக்கு என்னை உக்கார வச்சீங்க இல்ல?"

"ரூல் அப்படிங்க!"

"தப்பே இல்ல. எனக்கு அன்னிக்கு உயிருக்கு ஏதாவது ஆபத்தா?"

"இல்லங்க. சீல்தான் இல்ல."

"இந்த லிஃப்ட்டும் உங்க ஜாதிதாம்மா. மூணாவது மாடிக் கதவு சீல் போடல. எல்லா சீலும் விழாம உங்களை நகர்த்த மாட்டேங்குது. கறாரான பார்ட்டி. நீங்க டீயைக் குடிங்க, நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

உள்ளேயிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். பிறகு அமைதி. போனை வைத்துவிட்டார்போல. யாரோ ஓர் ஆளை அனுப்புவார். நன்றாகத்தான் பேசினார், என்று கதை டாக்டர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளைவிட நன்றாகவே. அவளாக இருந்தால் கதையைத் தன் வாயாலேயே சொல்லியிருப்பாள். அவர் கேள்வி கேட்டே ஸ்டாம்ப்பைச் சொல்லவைத்துவிட்டார். அந்த மேசைக்கும் அப்படிப்பட்டவர் வேண்டும்தானே.

மேலே எங்கோ இரும்பு உரசியது. கேபினுக்கு மேல் தொம்மென்று ஏதோ இறங்கியது. கேபின் அசைந்தது.

ஆமை வேகத்தில் கீழே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கண்ணாடியில் ஸ்டாம்ப்பின் செருப்பு தெரிந்தது, நின்றது. ஃபிளாஸ்க் தெரிந்தது, நின்றது.

கதை டாக்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அமுக்கினால் நகரும், விரலை எடுத்தால் நிற்கும். லிஃப்ட்டை இப்படி ஓட்ட ஒரே ஓர் இடத்திலிருந்துதான் முடியும். அவர் பேசியது போனில் இல்லை, இரண்டாம் மாடிக் கதவோரம் நின்றுதான். பின்படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் துடைத்துவிட்டு, அந்த மனிதர் இப்போது கேபின் கூரைமேல் குந்தியிருக்கிறார்.

கதவு திறந்தது. வெளியே வந்த ஸ்டாம்ப்பை அணைத்துக்கொண்டே மேல்பக்கம் பார்த்துக் கத்தினாள்: "எப்படி இருக்குங்க?"

"யாரைக் கேக்கறீங்க?" என்று கூரையிலிருந்து குரல் வந்தது. "லிஃப்ட்டையா, என்னையா?"

"ரெண்டையும்தான்!"

"லிஃப்ட்டை இன்னொரு தடவை மேல கீழ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். நான் முந்தாநாளே பாஸ். வேலைக்குப் போன மறுநாளே சொன்னா என்ன மரியாதை, ஒரு லிஃப்ட்டையாவது ரிப்பேர் பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

மூன்றாம் மாடியில் தையல்காரரும் இன்னும் நாலைந்து பேரும் காத்திருந்தார்கள். ஸ்டாம்ப் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தாள். யார் சீட்டிலும் சீல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. "என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். பிரேக்கைப் பிடிப்பது கரண்ட் என்று சொன்னாள். மூன்றாம் மாடிக் கதவை நான்காம் மாடி ஆக்கினாள். தான் துளிகூட அழவில்லை என்றாள்.

திருத்துவதற்குக் கதை டாக்டரிடம் எவ்வளவோ இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அப்புறம்?" என்றாள்.